யானைச் சாணம் தேடி ஐந்து நாள்

போன வருசம் நான் மலேசியா போய்வந்ததைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நம் சங்கத்து மலருக்குக் கேட்டார்கள். எழுதலாம். ஆனால் மலேசியாவில் நான் உருப்படியாகப் பார்த்தது ஒரு மிருகக்காட்சிசாலையும் அதில் ஒரு நீர்யானையும்தான். அந்த நீர்யானையால், திரும்பி வந்த பிறகு என் சொந்த ஊரையே நான் புதிதாகச் சுற்ற வேண்டியதாகிவிட்டது. அதனால் அதைத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். பம்பில் பிழை இருந்தால் என்னிடம் வாருங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பம்பு மாரப்பன் என்றால் கோயமுத்தூரில் பஸ் கண்டக்டர் வழி சொல்லுவார். லேத்துப் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டிப் பெருக்கி ஆரம்பித்தவன். முதல் பம்பை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, ஊர் ஊராகப் போய் கிணற்று மேட்டில் இறக்கி ஓட்டிக் காட்டி விற்றவன். இன்றைக்கு என் பம்பு கடல் தாண்டி ஓடுகிறது.

மலேசியாவில் என் ஏஜெண்டு ஒரு நாள் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனார். நீர்யானைக் குளத்தில் தண்ணீர் பச்சைப் பயறு வேகவைத்த மாதிரி கெட்டியாக இருந்தது. ஓரத்தில் யாரோ செய்த பம்பு ஒன்று செத்துக் கிடந்தது. எனக்குப் பொறுக்குமா?

"எம்பம்பைப் போடுங்க. எதைப் போட்டாலும் முழுங்கி அக்கட்டத் துப்பிப்போடும்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அங்கே மிருக வைத்தியர், டாக்டர் கோமதி. மூன்று தலைமுறைக்கு முன்னால் கப்பலேறிய தமிழ்க் குடும்பம். பேச்சில் அங்கங்கே ஒரு 'லா' வந்து விழும்.

"எதைப் போட்டாலுமா ஐயா?"

"எதைப் போட்டாலும் அம்மணி."

"அப்ப நேர்ல வந்து பார்க்கறேன்லா" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். வந்தே விட்டார். திங்கள் காலை இறங்குகிறார், சனிக்கிழமை கிளம்புகிறார். அதற்குள் என் பம்பு அவர் சொல்லும் பரீட்சையில் தேற வேண்டும். தேறினால் அங்கே இருக்கிற எல்லாக் குளத்துக்கும் என் பம்புதான். தேறாவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. ஏனென்றால் பட்டறை வாசலில் 'நீர்யானைக்கே நீர் இறைக்கும் பம்பு' என்று ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டேன். சங்கக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லியாகிவிட்டது.

திங்கள். பீளமேட்டில் விமானம் இறங்கியதும் நேரே வீட்டுக்கு. என் சம்சாரம் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே ஒப்பிட்டு, அதாவது போளியும் வைத்தாள். டாக்டர் மூன்று முறை போதும் என்றார். எங்கள் பக்கத்தில் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். பாவம், அவருக்கு அது தெரியவில்லை.

பட்டறை வாசலில் இறங்கியவர் ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பெருமையாக இருந்தது.

"ஐயா, இது காண்டாமிருகம்."

மூக்கில் கொம்பு இருந்தது எனக்கும் லேசாக உறுத்தத்தான் செய்தது. பிரிண்டு போட்டவன் ஆண் நீர்யானைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தான். "அதுக்கும் நம்ம பம்பு போடலாமுங்க" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனேன். என் ஃபிட்டர் இப்ராகிம் திரும்பி நின்று சுவரைப் பார்த்துச் சிரித்தான். கோட்டைமேட்டுக்காரன். இருபது வருசமாக என்னோடு இருக்கிறான். பம்பு மாட்டுவான், கார் ஓட்டுவான், சமயத்தில் இப்படிச் சிரிக்கவும் செய்வான்.

அன்றைக்கு டாக்டர் சொன்ன விசயங்களைக் கேளுங்கள். நீர்யானைக்கு நீந்தவே தெரியாதாம். குளத்தின் அடியில் கால் வைத்து நடந்துதான் போகுமாம். தூக்கத்தில் மூச்சு முட்டினால் முழிக்காமலே மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடுமாம். வெயில் பட்டால் தோலிலிருந்து சிவப்பாக ஒன்று கசியும், அதுவே அதற்கு வெயிலுக்குத் தடவும் கிரீம். இதெல்லாம் போகட்டும், பம்புக்காரனுக்கு வேண்டியது அடுத்ததுதான். அது சாணம் போடும்போது வாலைக் காற்றாடி மாதிரி சுழற்றி நாலு பக்கமும் விசிறி அடிக்குமாம். இது என் இடம் என்று மற்ற நீர்யானைகளுக்குச் சொல்லுகிற வழி அதுவாம்.

எனக்கு அந்த மிருகத்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. நானும் என் இடம் என்றால் பேர் போட்டுவிடுவேன். பேத்தி கல்யாணத்தில் தாம்பூலப் பை அடித்தபோது, நான் கைகூப்பி நிற்கிற போட்டோ, கீழே 'மாரப்பன் இல்லத் திருமணம். வருகைக்கு நன்றி' என்று அச்சிட்டேன். ஊரே வந்தும் பை மூட்டை மூட்டையாக மிஞ்சியது. வீணாக்குவேனா? தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் வெட்டுகிற ஒவ்வொரு வாழைத்தாரின் காம்பிலும் ஒரு பை கட்டித்தான் மண்டிக்குப் போகும். யார் தார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. டாக்டரிடம் ஒரு பையை எடுத்துக் காட்டினேன்.

"பிளாஸ்டிக்கா ஐயா?"

"துணிங்க அம்மணி. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். விரலால் தேய்த்தும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

செவ்வாய். கோபிசெட்டிபாளையத்துக்குப் புறப்பட்டோம். அங்கே வாழையும் நெல்லும் என் பம்பில்தான் விளைகிறது என்று காட்டினால் பரீட்சை அங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணக்கு. அவிநாசி தாண்டும்வரை டாக்டர் பேசிக்கொண்டே வந்தார். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் ஏழு எலும்புதான், நம் கழுத்திலும் ஏழுதானாம். உராங்குட்டான் குரங்கு கூண்டின் போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஆள் வருகிற நேரத்தில் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளுமாம். "நம்ம பட்டறைக்கு ஒண்ணை அனுப்புங்க டாக்டர், கழட்டி மாட்ட ஆள் பத்தறதில்ல" என்றான் இப்ராகிம். சிங்கம் புலிக்கு வாரம் ஒரு நாள் பட்டினி போடுவார்களாம், வயிற்றுக்கு நல்லது என்று. என் சம்சாரம் சனிக்கிழமை விரதம் இருப்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கோபியில் என் பம்பு வைத்திருக்கும் குடியானவர் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி கொட்டியது. "பாஞ்சு வருசமுங்க, ஒரு நாள் நின்னதில்லீங்க" என்று நான் சொல்லிக்கொடுக்காமலே சொன்னார்.

டாக்டர் கையை நனைத்துக்கொண்டார். "நல்ல தண்ணியை எந்தப் பம்பும் இழுக்கும்லா. எனக்குச் சாணத்தோட ஓட்டிக் காட்டணும்."

"நீர்யானைக்கு நான் எங்கீங்க போவேன்?"

"யானைச் சாணம் போதும் ஐயா. ரெண்டும் அரைகுறையாத்தான் செரிக்கும். யானை தின்னதுல பாதிக்கு மேல அப்படியே நாராத்தான் வெளிய வரும். அந்த நார்தான் பம்பைக் கொல்றது."

யானைச் சாணமா! தொண்டாமுத்தூரில் தோட்டம் வைத்திருப்பவனிடம் யானைச் சாணம் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவசரம் என்று, திரும்புகிற வழியில் ஒரு கோயில் யானையின் பாகனிடம் சொல்லி, ஒரு மூட்டை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டோம். ஏ.சி. அந்த வாசனையை மூன்று பேருக்கும் சமமாகப் பங்கு போட்டது. டாக்டர் மட்டும் முகம் சுளிக்கவில்லை.

அவிநாசிக்கு முன்னால் போலீஸ் கை காட்டியது.

"மூட்டையில என்னங்கய்யா?"

"யானைச் சாணிங்க."

அவர் என் வேட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "இத்தாம்பெரிய காருல சாணி கொண்டுபோறீங்களா? அவுருங்க."

அவிழ்த்தோம். குனிந்தவர் வேகமாக நிமிர்ந்தார். "எதுக்குங்க?"

"நீர்யானைக்குங்க" என்றேன். அவர் இப்ராகிமைப் பார்த்து, பெரியவரைச் சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிப்போ என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

புதன். காலையில் பட்டறையில் டாக்டர் அந்தச் சாணத்தைக் கையாலேயே உடைத்துப் பார்த்தார். "சோறு, வெல்லம், வாழைப்பழம். இது மெத்துனு இருக்குலா. எங்க நீர்யானைக்குப் புல்லு. காட்டு யானையோடது வேணும்."

"காட்டுக்குள்ள போய் அள்ளிட்டு வந்தர்றனுங்க."

"காட்டுல இருந்து எதையும் எடுக்கக்கூடாது ஐயா. சாணத்தைக்கூட."

சரி, தோட்டத்துக்கே போவோம் என்று கிளம்பினோம். மலையடிவாரத்தில் என் தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கருங்கல் மதில் கட்டியிருக்கிறேன். கட்டின நாளிலிருந்து ஒரு யானைகூட உள்ளே கால் வைத்ததில்லை. போனதும் தோட்டத்து ஆள் தலையைச் சொறிந்தான். முந்தின நாள் வெட்டி மதிலோரம் அடுக்கிய தாரில் இரண்டு காணவில்லை. உள்ளே யானைக் காலடி இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தார் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்துவின் சோளக்காடு.

நாச்சிமுத்துவுக்கும் எனக்கும் அந்த மதில் கட்டின நாளிலிருந்தே சரியில்லை. என் தோட்டத்துக்கு வர வேண்டிய யானையை அவர் சோளக்காட்டுக்குத் திருப்பிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நேரே போய் நின்றேன்.

"ஏனுங்க நாச்சிமுத்து, என்ர தாரு ரெண்டு காணோமுங்க."

"அதுக்கு என்னைய ஏனுங்க கேக்கறீங்க?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நானுங்க, இந்தப் பக்கம் நீங்க. நடுவுல வேற யாருங்க?"

"அப்ப என்னையத் திருடன்ங்கறீங்களா?"

"நான் சொல்லலீங்க. தாரு சொல்லுதுங்க."

"வாயை அளந்து பேசுங்க."

"நீங்க கையை அளந்து நீட்டுங்க."

அவர் முகம் கறுத்துவிட்டது. மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். காரில் ஏறியதும் டாக்டர் கேட்டார்: "நலம் விசாரிச்சீங்களா ஐயா?"

"சண்டை போட்டனுங்க அம்மணி."

"இவ்வளவு மரியாதையாவா?"

வியாழன். வேறு எங்கேயும் போகவில்லை. யானைக்காகக் காத்திருந்தோம். இந்த வயதுவரை யானை வரக்கூடாது என்று பட்டாசு வெடித்தவன், தகரம் தட்டியவன், மதில் கட்டியவன். அன்றைக்குத் தோட்டத்து ஆளைக் கூப்பிட்டு, யாரும் சத்தம் போடக்கூடாது, யானைக்குச் சங்கடமாக இருக்கும் என்று உத்தரவு போட்டேன். போனில் விசாரித்தால் மேற்கே ஒரு தோட்டத்தில் தென்னையைச் சாய்த்ததாம், வடக்கே ஒருவர் வாழையைத் துவைத்ததாம். எல்லோர் வீட்டுக்கும் போகிறது, என் வீட்டுக்கு வரவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் வராத சொந்தக்காரன்மேல் வருகிற கோபம் வந்தது.

"ஒரு பலாப்பழத்தை மதில் மேல வெச்சுப்போட்டா என்னுங்க?" என்று கேட்டேன்.

டாக்டர் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்துவிட்டார். "தீனி காட்டிப் பழக்குன யானையை அப்புறம் ஊரே சேர்ந்து விரட்டும். கடைசில சங்கிலி போட்டுப் பிடிப்பாங்க. உங்க பம்புக்காக அது ஜெயிலுக்குப் போகணுமா ஐயா?"

பலாப்பழப் பேச்சை அதோடு விட்டேன். என்னை அப்படி வாயடைக்க வைத்த பெண்பிள்ளை என் சம்சாரத்துக்குப் பிறகு இவர்தான். சாப்பாட்டுக்கு வந்த அரிசிம்பருப்புச் சாதத்தை நெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, யானையைப் பற்றிக் கதை கேட்டோம். பாதத்துக்கடியில் மெத்தை மாதிரி சதை இருப்பதால் அத்தனை பெரிய உடம்பும் பூனை மாதிரி சத்தமில்லாமல் நடக்குமாம். தும்பிக்கையில் ஒரு எலும்பு கிடையாது, அத்தனையும் தசை. மரத்தையும் பிடுங்கும், நிலக்கடலையை உடையாமலும் எடுக்கும்.

வெள்ளி. காலையில் தோட்டத்து ஆள் ஓடிவந்தான். "வந்துருச்சுங்க!"

"எங்கீடா?"

அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினான்.

நாச்சிமுத்துவின் சோளக்காட்டில் பாதி படுத்துக்கிடந்தது. நடுவில் குவியல் குவியலாக, பசும் நார் தெரிய, டாக்டர் கேட்ட அதே சரக்கு. வரப்பில் நாச்சிமுத்து இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். ஐயோ பாவம் என்று சொல்ல வேண்டிய நேரம். என் கண்ணோ சாணத்தின் மேலேயே இருந்தது. மறுநாள் விமானம்.

"நாச்சிமுத்துங்க..."

"வாங்க. தாரு ஏதாச்சும் காணோமுங்களா?"

"இல்லீங்க. கொஞ்சம் சாணி வேணுமுங்க."

"திருடன் ஊட்டுச் சாணிங்க. உங்களுக்கு ஆகுமுங்களா?"

டாக்டர் பின்னால் நிற்கிறார். இப்ராகிம் சுவர் இல்லாததால் வானத்தைப் பார்க்கிறான். நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேங்கு மேனேஜர் முன்னால் நின்றிருக்கிறேன். இப்படிக் கூசியதில்லை.

கடைசியில் அவரே சொன்னார்: "முதல்ல காப்பி குடிங்க. ஊட்டுக்கு வந்தவங்களை அப்படியே அனுப்பற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. சாணி எங்கீயும் போயராது." காப்பி குடித்தோம். அது தொண்டையில் இறங்கியதே தவிர ருசி தெரியவில்லை. பிறகு அவரே கூடை எடுத்து எங்களோடு அள்ளினார். பம்பு எப்படி ஓடுகிறது என்று பார்க்க என் தோட்டத்துக்கும் வந்தார். மதில் கட்டிய பிறகு அவர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை.

கிணற்று மேட்டுத் தொட்டியில் சாணத்தைக் கரைத்தோம். இப்ராகிம் சுவிட்சைப் போட்டான். என் பம்பு ஒரு முறை இருமியது, பிறகு இழுத்தது பாருங்கள்! பச்சைக் குழம்பு வாய்க்காலில் திமுதிமுவென்று போனது.

"என்ர சோளம் உங்க வாய்க்கால்ல போவுதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"முழுங்குது பாத்தீங்களா அம்மணி!" என்று நான் கையைத் தட்டினேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கால் மணி நேரம் ஓடியிருக்கும். 'உம்ம்' என்று ஒரு முனகல். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. இப்ராகிம் பாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

நாலு போல்ட்டைக் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே சுற்றுகிற இம்பெல்லரில் நாரோடு நாராக ஏதோ இறுகிச் சுற்றியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி வெளியே இழுத்து வாளித் தண்ணீரில் அலசினான். விரித்தான். விரித்ததும் என்னைப் பார்த்தான்.

நிறம் போயிருந்தது. ஒரு கைப்பிடி அறுந்திருந்தது. ஆனால் மீசை தெரிந்தது. கூப்பிய கை தெரிந்தது. கீழே, வருகைக்கு நன்றி.

டாக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "துணி மாதிரித் தெரியும் ஐயா. பிளாஸ்டிக்குதான். துணியா இருந்தா உள்ள இருந்து இப்படி முழுசா வராது. இது நேத்து ராத்திரி தின்னதும் இல்லை. தின்னது வெளிய வர ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். செவ்வாய் ராத்திரி இருக்கும்லா."

சொல்லிக்கொண்டே மதிலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மதிலோரம் தார் அடுக்கியிருந்த இடம். அந்தப் பக்கம் காலடி விழாத ரோடு. ரோட்டில் நின்றபடி தும்பிக்கையை மதிலுக்கு மேலே நீட்டி, சத்தமே இல்லாமல் இரண்டு தாரைத் தூக்கிப் பையோடு தின்றுவிட்டுப் போயிருக்கிறது. என் மதில் யானையின் காலைத்தான் தடுத்தது.

"பம்பு தோத்துப்போச்சுங்களா அம்மணி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"சாணத்துல ஜெயிச்சிருச்சு. நான் முன்னாடி பார்த்த பம்புகளும் சாணத்தை இழுத்துச்சு. நின்னதெல்லாம் இதாலதான்." பையைக் காட்டினார். "நீர்யானை வாயைத் திறந்தா சனங்க தீனி கேக்குதுன்னு நினைச்சு எதையாச்சும் வீசறாங்க. எங்க பழைய நீர்யானை செத்தப்ப நான்தான் அறுத்துப் பார்த்தேன். வயித்துல ஒரு கடையே இருந்துச்சு."

இப்ராகிம் மெதுவாக, "மொனையில ஒரு கத்தி வெச்சா துண்டு துண்டா வெட்டிப்போடுமுங்க" என்றான்.

"வெட்டினா துண்டு சுத்தற தண்ணியோட திரும்பக் குளத்துக்குத்தான் போகும், அதோட வயித்துக்குத்தான் போகும். எனக்கு எதையும் முழுங்கற பம்பு வேணாம். இதை முழுங்காம நிறுத்தி வைக்கிற பம்பு வேணும். தினம் காலையில ஒரு ஆள் ஒரு கையில தூக்கிக் கொட்டற மாதிரி முன்னாடி ஒரு கூடை. செஞ்சு ஒண்ணு அனுப்புங்க, ஆறு மாசம் ஓட்டிப் பார்க்கறேன்."

எத்தனையோ வருசமாக எதையும் விழுங்கும் என்று சொல்லிச் சொல்லிப் பம்பு விற்றவன் நான். அன்றைக்குத்தான் பம்புக்கும் வாயைக் கட்டத் தெரிய வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். பம்புக்கு மட்டுமா?

நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினேன். தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் ஒரு குச்சியால் அந்தப் பையைத் தூக்கிப் பிடித்து, வெயிலில் காட்டி, என் போட்டோவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எனக்குக் குடுத்துப்போடுங்க" என்றார்.

"என்னத்துக்குங்க?"

"நீங்க வாயால சொல்லமாட்டீங்கன்னு தெரியுமுங்க. இதுல பாருங்க, கையெடுத்துக் கும்புட்டுட்டு நிக்கறீங்க. எனக்கு இது போதுமுங்க."

போதும் என்றால் இன்னும் கொஞ்சம். அது எங்கள் பக்கத்து வழக்கம், அவருக்கும் தெரியும். சாணம் ஒட்டிய கையோடு அங்கேயே நேராக நின்று கும்பிட்டேன். அவர் சிரிக்காமல் தலையசைத்தார். பிறகு சிரித்தார். "மதிலைப் பத்தி நாளைக்குப் பேசலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் பையோடு போனார்.

சனிக்கிழமை டாக்டரை விமானம் ஏற்றிவிட்டு வந்து, கூடைக்கு வரைபடம் போட உட்கார்ந்தேன். காண்டாமிருக ஃபிளெக்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டேன். மண்டிக்குப் போகிற தார் இப்போது பேர் இல்லாமல்தான் போகிறது. ஒரே ஒரு பை மட்டும் இன்னும் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாச்சிமுத்துவின் கேட்டில், கழுவிக் காயவைத்து, நாலு மூலையும் கம்பியால் கட்டி. நான் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அது என்னைக் கும்பிடுகிறது. நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.